ஆணி அடிக்க விடாத அறை: ஆப் எஞ்சின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளுக்கு அறைப் பதிவு மென்பொருள் எழுதிப் பராமரிப்பது என் தொழில். ஆம்பூர் பக்கம் ஷூ அப்பர் தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகள் சிலவற்றுக்கும் பீஸ் ரேட் கணக்கு எழுதித் தந்திருக்கிறேன். எல்லாமே கூகுளின் ஆப் எஞ்சினில்தான் ஓடுகின்றன. "அது கூண்டாச்சே", "உள்ளே போனா வெளியே வர முடியாது", "பில் எகிறிடும்", "கூகுள்காரன் நாளைக்கே மூடிடுவான்" என்று நாலு பக்கமும் சொல்கிறார்கள். சொல்பவர்களில் காட்பாடியில் படிக்கும் மாணவர்கள் உண்டு, பெங்களூரில் வேலை பார்க்கும் உறவுக்காரர்கள் உண்டு, மாதா மாதம் பணம் கட்டும் லாட்ஜ் முதலாளிகளும் உண்டு. அந்தக் குற்றச்சாட்டுகளில் சில உண்மை. அவற்றை மறைக்க மாட்டேன். ஆனால் ஒரே ஆள் பத்து வாடிக்கையாளரைப் பார்த்துக்கொள்ளும் எங்களைப் போன்ற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. ஏன் என்பதைக் கேள்வி வாரியாகச் சொல்கிறேன்.

ஆப் எஞ்சின் என்றால் என்ன? சர்வர் வாடகைக்கு எடுப்பதும் இதுவும் ஒன்றா?

வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வரும் குடும்பம் மூன்று வாரம் இங்கே தங்க வேண்டியிருக்கும். அதற்காக யாரும் சத்துவாச்சாரியில் மனை வாங்கி வீடு கட்டுவதில்லை. அடுப்பும் பாத்திரமும் உள்ள அறையை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மோட்டார் ஓடவில்லை என்றால் அது லாட்ஜ்காரர் பாடு. அதற்குப் பதிலாக லாட்ஜுக்கென்று சில விதிகள் இருக்கும்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, ராத்திரி இத்தனை மணிக்குமேல் கேட் திறக்காது.

வாடகை சர்வர் காலி மனை. கம்பி வேலி போடுவது, கிணறு வெட்டுவது, காவல் காப்பது எல்லாம் நம் வேலை. ஆப் எஞ்சின் அந்த அறை. நிரலை மட்டும் கொடுத்தால் போதும். இயங்குதளம், பாதுகாப்புத் திருத்தம், கூட்டம் வந்தால் நிரலின் இன்னொரு பிரதியை எழுப்புவது, ஆள் இல்லாவிட்டால் அணைப்பது எல்லாம் கூகுள் பார்த்துக்கொள்ளும். 2008 ஏப்ரல் 7 அன்று முதலில் 10,000 பேருக்கு மட்டும், பைத்தான் மொழிக்கு மட்டும் திறந்துவிட்டார்கள். மறு ஆண்டு ஜாவா வந்தது. இன்று நோட், பி.எச்.பி., ரூபி, கோ எல்லாமே ஓடும்.

"கோப்பு எழுத விடாது, இஷ்டப்பட்ட லைப்ரரி (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்) போட விடாது. இதெல்லாம் ஒரு ஹோஸ்டிங்கா?"

இந்தக் கேள்விக்கு அன்று ஒரு பதில், இன்று ஒரு பதில். 2008இல் கேட்டிருந்தால் பெரும்பாலும் சரி. அப்போது சி மொழியில் எழுதிய பைத்தான் லைப்ரரிகள் ஓடாது, சாக்கெட் (வெளிக் கணினியோடு நேரடி இணைப்பு) திறக்க முடியாது, ஒரு கோரிக்கை, அதாவது ஒருவர் ஒரு பக்கத்தைக் கேட்பது, 30 விநாடிக்குள் முடியாவிட்டால் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடும். ஆனால் 2018இல் வந்த இரண்டாம் தலைமுறை இயங்குசூழலில் இவற்றில் பெரும்பாலானவை போய்விட்டன. இப்போது பிளாஸ்க், ஜாங்கோ போன்ற பைத்தான் வலைச் சட்டகங்கள், படத்தைச் சுருக்கும் லைப்ரரி, பி.டி.எஃப். அச்சிடும் லைப்ரரி எல்லாம் வழக்கம்போல் நிறுவலாம். நேர வரம்பும், பிரதிகள் தானாகவே கூடிக் குறையும் முறையில், 10 நிமிடம் வரை நீண்டுவிட்டது. இன்றும் பழைய பட்டியலைப் படிப்பவர்கள் ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும்.

மிச்சமிருக்கும் பெரிய தடை ஒன்றுதான்: வட்டில் (டிஸ்கில்) எழுத முடியாது. தற்காலிகக் கோப்புறை ஒன்று உண்டு. அதுவும் நினைவகத்தில்தான் இருக்கும், பிரதி அணையும்போது சேர்ந்து அழியும். இந்தத் தடையை நான் மனதார ஆதரிக்கிறேன். லாட்ஜில் தங்குபவரின் அடையாள அட்டை நகலை ஏதோ ஒரு கணினியின் ஏதோ ஒரு கோப்புறையில் போட்டுவைக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. அந்தக் கணினி போனால் நகலும் போகும். கணினி திருடர் கையில் போனால் நூற்றுக்கணக்கான நோயாளிகளின் பாஸ்போர்ட்டும் கூடவே போகும். வட்டில் எழுதவே முடியாது என்றானபோது அவற்றை முறையான சேமிப்பகத்தில் பூட்டிவைத்து, யார் எடுக்கலாம், எத்தனை நாளில் அழிய வேண்டும் என்று எழுதிவைத்தே ஆக வேண்டியதாயிற்று. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியபோது என் பக்கம் திருத்த வேண்டியது அதனால்தான் குறைவாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்தப் பிரதியும் எந்த நொடியும் அணைந்து போகலாம் என்று தெரிந்தே எழுதிய நிரல், இரண்டு பிரதியிலும் ஓடும், இருபதிலும் ஓடும். காட்பாடியில் ஹவுரா பக்கத்து ரயில் வந்து நின்றதும் ஒரே நேரத்தில் நாற்பது பேர் அறை தேடுவார்கள். அந்த நெரிசலுக்காக நான் தனியாக ஒரு வரிகூட எழுதியதில்லை.

மாதம் சில நூறு ரூபாய்க்கு வாடகை சர்வர் கிடைக்கும்போது இது எதற்கு?

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு சிறிய நிறுவனத்தின் வாடகை சர்வரில் மூன்று லாட்ஜுகளின் பதிவை ஓட்டினேன். துர்கா பூஜை முடிந்த வாரம், வங்காளத்திலிருந்து கூட்டம் ஏறும் சமயம். விடிகாலையில் லாட்ஜ் மேலாளர் போன் செய்து, "சார், பேர் எழுதினா ஏத்துக்க மாட்டேங்குது" என்றார். நான் அப்போது ஆரணியில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். லேப்டாப் கையில் இல்லை. பஸ் பிடித்து வீடு வந்து பார்த்தால், மாதக்கணக்கில் சேர்ந்த லாக் கோப்புகள் (நடப்பதையெல்லாம் சர்வர் குறித்துவைப்பவை) வட்டை நிரப்பியிருந்தன. அழித்தேன், ஐந்து நிமிடத்தில் சரியானது. ஆனால் அதற்கு முந்தைய நான்கு மணி நேரம் மூன்று லாட்ஜுகளிலும் காகிதத்தில் எழுதி, ஒரே அறையை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ரயிலில் இரண்டு நாள் உட்கார்ந்து வந்த புற்றுநோயாளி ஒருவர் வரவேற்பறை நாற்காலியில் காத்திருந்தார். சாவி இன்னொருவர் கையில்.

லாக் சுழற்சி (பழைய லாக்கைத் தானாகவே அழிக்கும் ஏற்பாடு) வைக்காதது என் தவறுதான். ஆனால் அப்படி நினைவில் வைக்க வேண்டியவை எத்தனை! கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) திருத்தம், சான்றிதழ் புதுப்பிப்பு, கடவுச்சொல் தாக்குதல், பேக்கப். பெரிய கம்பெனியில் இதற்கென்றே ஆள் இருப்பார். இங்கே அந்த ஆளும் நானே, கல்யாணத்துக்குப் போயிருப்பவனும் நானே. சர்வர் வாடகையைக் கணக்குப் போடும்போது அந்த நான்கு மணி நேரத்தையும் சேர்த்தே போடுங்கள்.

பில் திடீரென்று எகிறிவிடும் என்கிறார்களே?

2011இல் நடந்ததை வைத்துத்தான் இந்தப் பேச்சு ஆரம்பித்தது, அந்தக் கோபம் நியாயமானது. அதுவரை ஆப் எஞ்சின் பிராசசர் உழைத்த நேரத்துக்கு மட்டும் காசு வாங்கியது. அந்த ஆண்டு முன்னோட்ட நிலையிலிருந்து வெளிவந்தபோது, பிரதி விழித்திருக்கும் மணிக்கெல்லாம் காசு என்று மாற்றினார்கள். அன்றைய பைத்தான் சூழலில் ஒரு பிரதி ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். வெளியே இன்னொரு தளத்தின் பதிலுக்குக் காத்து நின்றாலும் பிரதி விழித்தேதான் இருக்கும். அதனால் பலருக்குக் கட்டணம் பல மடங்கானது. மாற்றியதில் ஒரு நியாயம் இருந்தது: சும்மா உட்கார்ந்திருக்கும் நிரலும் நினைவகத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒரே பிரதி பல கோரிக்கைகளைச் சேர்த்துக் கவனிக்கும் பைத்தான் 2.7 சூழலும் கிட்டத்தட்ட அதே சமயத்தில் வந்தது. ஆனால் அதை முதலில் எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டுப் பிறகு விலையை மாற்றியிருக்க வேண்டும்.

இன்றைய கணக்கு இது. மிகச் சிறிய எஃப்1 வகைப் பிரதிக்கு ஒரு நாளைக்கு 28 மணி நேரம் இலவசம். ஒரு பிரதி நாள் முழுக்க விழித்திருந்தால் 24 மணி. மிச்சம் 4 மணி. காலைக் கூட்டத்துக்கு இரண்டாவது பிரதி இரண்டு மணி நேரம் எழுந்தாலும் உள்ளேயே அடங்கும். கடைசிக் கோரிக்கைக்குப் பிறகு 15 நிமிடம் வரை மணி ஓடிக்கொண்டிருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஆபத்து எங்கே? ஏதோ ஒரு தானியங்கி நிரல் உங்கள் தளத்தை விடாமல் தட்டினால் பிரதிகள் பெருகும். அதற்கு அமைப்புக் கோப்பில் அதிகபட்சப் பிரதிகள் இத்தனைதான் என்று ஒரு வரி எழுதினால் போதும். என் லாட்ஜ்களுக்கு நான் மூன்று வைத்திருக்கிறேன். பட்ஜெட் எச்சரிக்கையை மட்டும் நம்பாதீர்கள். அது மின்னஞ்சல் அனுப்பும், எதையும் நிறுத்தாது. முன்பு தினசரிச் செலவுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். எடுத்திருக்கக் கூடாது என்பதே என் கருத்து. இன்னொரு சின்னக் கசிவு: ஒவ்வொரு முறை புதிய பதிப்பு ஏற்றும்போதும் அதன் கட்டுமானப் பிம்பம் (ஓடுவதற்காகத் தொகுத்த நகல்) சேமிப்பகத்தில் தங்கிக்கொண்டே போகும். மாதம் ஒருமுறை பழையதைக் கூட்டித் தள்ளுங்கள்.

"உள்ளே போனால் வெளியே வர முடியாது" என்பது உண்மையா?

எதிர்ப்பவர்கள் சொல்வதில் கனமானது இதுதான். ஆரம்ப காலத்தில் உள்நுழைவு, மின்னஞ்சல், வரிசைப் பணி, தற்காலிக நினைவகம், டேட்டாஸ்டோர் என்னும் கூகுளின் தரவுத்தளம் எல்லாமே ஆப் எஞ்சினுக்கே உரிய முறையில் எழுத வேண்டியிருந்தது. அப்படி எழுதியதை வேறிடம் கொண்டுபோவது வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போவதுதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் அதே முறைகளைத் திறந்த மூலத்தில் திரும்ப எழுதி ஆப்ஸ்கேல் என்று வெளியிட்டார்கள் என்றால், பூட்டு எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் நிரல் சாதாரண பிளாஸ்க் நிரல். ஆப் எஞ்சினுக்கென்று உள்ளது இருபது வரி அமைப்புக் கோப்பு மட்டும். ஒரு வாரக் கடைசியில் உட்கார்ந்து அதையே கூகுளின் இன்னொரு சேவையான கிளவுட் ரன்னிலும், பிறகு வீட்டிலிருந்த பழைய லினக்ஸ் கணினியிலும் ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. ஒட்டிக்கொண்டிருப்பது டேட்டாஸ்டோர்தான். தனியான போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் வைத்தால் அந்தப் பிடியும் இருக்காது. ஆனால் யாரும் பயன்படுத்தாத ராத்திரியிலும் அதற்குக் காசு ஓடும். டேட்டாஸ்டோரில் ஒரு கிகாபைட், நாளொன்றுக்கு 50,000 வாசிப்பு, 20,000 எழுத்து இலவசம். முப்பது அறை லாட்ஜ் அதில் பாதியைக்கூடத் தொடாது. நான் தெரிந்தேதான் இந்தப் பிடியை ஏற்றுக்கொண்டேன். டேட்டாஸ்டோரோடு பேசும் வரிகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன, மாற வேண்டிய நாளில் அந்த ஒரு கோப்பைத் திரும்ப எழுதினால் போதும்.

ஜாயின் (இரண்டு அட்டவணைகளை இணைத்துப் பார்ப்பது) இல்லாத தரவுத்தளத்தில் அறைக் கணக்கை எப்படி எழுதுவது? ஒரே அறை இருவருக்குப் போய்விடாதா?

பழைய டேட்டாஸ்டோரில் அந்தப் பயம் இருந்தது. ஒரு நொடி முன் எழுதிய பதிவு, அடுத்த நொடி எடுக்கும் பட்டியலில் வராமல் போகலாம். இன்றைய டேட்டாஸ்டோர் கூகுளின் புதிய தரவுத்தளமான ஃபயர்ஸ்டோரின் மேல் ஓடுவதால் அந்தக் குறை போய்விட்டது.

நான் செய்வது இது. அறை எண்ணும் தேதியும் சேர்ந்ததே பதிவின் சாவி. 204ஆம் அறை, 14ஆம் தேதி என்றால் அந்தச் சாவியில் ஒரே பதிவுதான் இருக்க முடியும். பதிவு செய்யும்போது பரிவர்த்தனைக்குள் (முழுதாக நடக்கும், இல்லாவிட்டால் எதுவுமே நடக்காது என்ற ஏற்பாடு) அந்தச் சாவி ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் மட்டும் எழுதும். இரண்டு மேலாளர்கள் ஒரே கணத்தில் அழுத்தினாலும் ஒருவருக்குத்தான் கிடைக்கும். மாதக் கடைசி அறிக்கைக்கு ஜாயின் தேவைப்படும் இடங்களில், பதிவு எழுதும்போதே மொத்தத் தொகையையும் தனியே கூட்டி எழுதிவைக்கிறேன். பழைய கடைகளில் தினச் சிட்டா எழுதும்போதே பேரேட்டிலும் ஏற்றுவார்களே, அதே வேலைதான்.

முதல் ஆள் திறக்கும்போது ரொம்ப நேரம் சுற்றுகிறதே?

ஆமாம், சுற்றும். யாரும் இல்லாதபோது பிரதி அணைந்துவிடும். அடுத்து வருபவருக்காக எழுந்து நிற்கச் சில விநாடி ஆகும், ஜாவாவில் இன்னும் கூடும். குறைந்தது ஒரு பிரதி எப்போதும் விழித்திருக்கட்டும் என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. மேலே சொன்ன 28 மணிக்குள் அது அடங்கும்.

வேலூரில் உட்கார்ந்து அமெரிக்காவில் ஓட்டினால் மெதுவாகத்தானே இருக்கும்?

அமெரிக்காவில் ஏன் ஓட்ட வேண்டும்? 2017இல் கூகுளின் மும்பை மையம் திறந்தது, ஆப் எஞ்சின் அங்கே உண்டு. ஆனால் தொடங்கும்போதே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு ப்ராஜெக்டுக்கு ஒருமுறை தேர்ந்த இடத்தைப் பிறகு மாற்றவே முடியாது. என்னிடம் வந்த ஒரு தம்பி படிக்காமல் அழுத்திவிட்டு, ஆறு மாதம் கழித்து முழுத் தரவையும் ஏற்றுமதி செய்து புதிய ப்ராஜெக்டில் குடியேறினார். இது மாற்றப்பட வேண்டிய விதி. இவ்வளவு ஆண்டுகள் ஆகியும் மாற்றாதது எனக்கு வருத்தம்தான்.

கூகுள் எதையும் மூடிவிடும் பழக்கம் உள்ள கம்பெனி. செய்தித் தளங்களைத் திரட்டித் தந்த ரீடரை மூடவில்லையா?

2013இல் மூடினார்கள், எனக்கும் வலித்தது. ஆப் எஞ்சின் 2008லிருந்து நடக்கிறது. ஆனால் உள்ளே பாகங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பைத்தான் 2.7 போன்ற முதல் தலைமுறைச் சூழல்களுக்கு 2024 ஜனவரி 30உடன் ஆதரவு முடிந்தது. அதில் எழுதியவர்கள் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. பைத்தான் 2க்கே 2020 ஜனவரி 1உடன் ஆயுள் முடிந்துவிட்டது என்பதால் இதைக் கூகுளின் தலையில் மட்டும் கட்ட முடியாது. வாடகை சர்வரில் பழைய பைத்தானை வைத்துக்கொண்டு எவ்வளவு நாள் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்பார்கள். ஓட்டலாம், ஓட்டை விழுந்தால் அடைக்க யாரும் வர மாட்டார்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களை கூகுளே இப்போது கிளவுட் ரன் பக்கம் கைகாட்டுகிறது. அதையும் சொல்லிவிடுவது நேர்மை. கண்டெய்னர் (நிரலையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டும் முறை) பழகியவராக இருந்தால் அங்கேயே போங்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒழுங்கு ஒன்றுதான்.

கூகுளே படுத்துவிட்டால்?

படுத்திருக்கிறது. 2025 ஜூன் 12 அன்று ஒரு தவறான அமைப்புத் தரவு உலகம் முழுக்கப் பரவி, கூகுள் கிளவுடின் பல சேவைகள் மணிக்கணக்கில் நின்றன. நம் ஊரில் அப்போது இரவு 11 மணி தாண்டியிருந்தது. என் லாட்ஜ்களில் தினமும் இரவு 9 மணிக்கு மறுநாள் அறைப் பட்டியலை அச்சிட்டு வரவேற்பறையில் மாட்டிவிடுவார்கள். அந்த இரவு அதை வைத்துச் சமாளித்தோம்.

ஒப்பிடுவதென்றால் எதிர்த் தட்டிலும் எதையாவது வைக்க வேண்டும். லாட்ஜ் மாடிப்படிக்குக் கீழே சர்வர் வைத்திருந்த ஒருவர், கத்திரி வெயிலில் மின்வெட்டு வந்து யு.பி.எஸ். அடங்கிப்போனதில் வட்டையே இழந்தார். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்ட வாரம், தரைத்தளத்தில் கணினி வைத்திருந்தவர்கள் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள்.

பேக்கப் மட்டும் கூகுளுக்கு வெளியே இருக்கட்டும். 2024 மே மாதத்தில் யூனிசூப்பர் என்ற ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியம் கூகுள் கிளவுடில் வைத்திருந்த தனி மேகச் சூழலே (பிரைவேட் கிளவுட்) தவறுதலாக அழிக்கப்பட்டது. வேறொரு நிறுவனத்திடம் நகல் வைத்திருந்தது அவர்கள் மீண்டுவரக் கைகொடுத்தது. என் லாட்ஜ்களின் தரவு வாரம் ஒருமுறை முதலாளி வீட்டு ஹார்ட் டிஸ்குக்கு இறங்குகிறது.

எதிர்ப்பவர்கள் பேசாத நல்ல விஷயம் ஏதாவது?

பதிப்புகள். புதியதை ஏற்றினாலும் பழையது அழியாமல் அப்படியே நிற்கும். ஒருமுறை வங்காள எழுத்துக்காகப் பக்கத்தை மாற்றினேன், ரசீதில் தொகை மறைந்துபோனது. மேலாளர் போன் செய்தபோது நான் நேதாஜி மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். கைபேசியிலேயே போக்குவரத்தைப் பழைய பதிப்புக்குத் திருப்பினேன், அவர் இணைப்பில் இருக்கும்போதே ரசீது சரியாக வந்தது. ஆரணிக் கல்யாணத்தன்று இது மட்டும் இருந்திருந்தால் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

யாருக்கு இது வேண்டாம்?

வீடியோ மாற்றுபவர்களுக்கு, ஜி.பி.யு. (கிராஃபிக்ஸ் சிப்) தேவைப்படுபவர்களுக்கு, இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் வெப்சாக்கெட் வேலைக்கு. ஆப் எஞ்சினின் ஸ்டாண்டர்டு வகையில் (இதுவரை சொன்னதெல்லாம் அதைப் பற்றித்தான்) வெப்சாக்கெட் கிடையாது. தோல் தொழிற்சாலைச் சுத்திகரிப்பு நிலையத்தில் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் நிரலையும் இதில் வைக்காதீர்கள், அது அந்த இடத்திலேயே ஓட வேண்டும். கற்றுக்கொள்ளும் மாணவர்கள் ஒரு லினக்ஸ் சர்வரைத் தாங்களே நிறுவி, உடைத்து, சரிசெய்து பார்த்துவிட்டு இங்கே வாருங்கள்.

கணக்கு யார் பெயரில் இருக்க வேண்டும்?

முதலாளி பெயரில். டொமைனும் அவர் பெயரில்தான். இலவச அளவில் இருப்பவர்களுக்கு கூகுளில் பேச ஆள் கிடைப்பது கடினம் என்ற குறை உண்மையானது, அதனால் இதில் அலட்சியம் கூடாது. ஒரு லாட்ஜில் முன்பு மென்பொருள் எழுதிய பையன் எல்லாவற்றையும் தன் சொந்த ஜிமெயிலில் தொடங்கிவிட்டு வெளிநாடு போய்விட்டான். கெட்ட எண்ணம் இல்லை, யாரும் அவனிடம் வேறுமாதிரி சொல்லவில்லை. அவனைத் தேடிப் பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் உட்காரவைத்தோம். லாட்ஜ் பெயரில் புதிய கணக்கு திறந்து, உரிமையாளர் அனுமதியை அதற்கு மாற்றி, பில்லிங்கில் முதலாளியின் கார்டைச் சேர்த்து, கடைசியாக அவன் தன் பெயரைத் தானே நீக்கிக்கொண்டான். கடவுச்சொல்லை முதலாளியின் மகள் ஒரு தாளில் எழுதி, பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வைத்துப் பூட்டினார்.